தைப்பூசத்துக்கு உதிர வேண்டிய இலை



கருத்தரங்கு நடத்துபவனுக்கு ஒரு வசதி உண்டு. கேள்வி கேட்பதோடு அவன் வேலை முடிந்துவிடும். பதில் சொல்ல வேண்டியவர்கள் எதிரே அமர்ந்திருப்பார்கள். பயிர்ப் பாதுகாப்பு பற்றிய அங்கத்தைப் பதிவு செய்த நாளில் அந்த வசதி எனக்கு வாய்க்கவில்லை.

நிகழ்ச்சி முடிந்து விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார்கள். பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு மூதாட்டி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ராசாவில் மகன் வீட்டில் இருக்கிறார். நாற்பது ஆண்டுக்கும் மேல் பால்மரம் வெட்டியவர். கணவர் உயிரோடு இருந்தபோது, இருவருமாகச் சேர்த்த பணத்தில் ரந்தாவ் பக்கம் 3 ஏக்கர் ரப்பர் நிலம் வாங்கினார்களாம்.

“தம்பி, தைப்பூசத்துக்கு உதிர வேண்டிய இலை தீபாவளிக்கே உதிர்ந்தா அது என்ன கணக்கு? மரம் செத்துப் போச்சு, வெட்டி வித்துடலாம்னு மகன் சொல்றான். எனக்கு மனசு கேக்கல. நீங்க படிச்சவங்க, சொல்லுங்க.”

நான் படித்தது மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா. மண்ணையும் மரத்தையும் படித்தவன் அல்ல. ஆனால் அந்த அம்மாவின் கேள்வி என்னை விடவில்லை. அன்று பேச வந்திருந்தவர்களிடம் மறுபடியும் போனேன், நூல்களைப் புரட்டினேன், தோட்டத்தில் வளர்ந்த உறவினர்களைக் கேட்டேன். அப்படிச் சேர்த்ததை அந்த அம்மாவுக்கும், அவரைப் போல இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் நம்மவர்களுக்கும் இங்கே எழுதுகிறேன்.

நம் நாட்டிலும் ஒரு வசந்தம்

குளிர் நாடுகளில் பனி உருகியதும் வசந்தம் பிறக்கும், விதைப்பு தொடங்கும். நமக்குக் குளிர்காலமும் இல்லை, வசந்தமும் இல்லை என்றுதான் பள்ளியில் படித்தோம். ஆனால் ரப்பர் மரத்துக்கு இரண்டும் உண்டு. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மேற்குக் கரையில் மழை குறைகிறது. அந்த வறட்சியைக் கண்டதும் மரம் தன் இலை முழுவதையும் மஞ்சளும் சிவப்புமாக மாற்றிக் கொட்டிவிடுகிறது. தைப்பூசக் காவடி கோயிலுக்குள் போகும் நாட்களில் தோட்டத்துத் தரையெங்கும் சருகு விரித்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர். சில வாரங்களில் செம்பு நிறத்தில் தளிர் விடும். பங்குனி பிறக்கும்போது மரம் மறுபடி பச்சை.

நெகிரி செம்பிலானில் இந்தக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். ஜெலுபு வட்டாரம் மலைகளால் சூழப்பட்டு மழை மறைவில் இருப்பதால், தீபகற்பத்திலேயே மழை மிகக் குறைந்த இடமாகக் கருதப்படுகிறது. சிரம்பான், ராசா, ரந்தாவ், போர்ட்டிக்சன் பக்கம் மழை அதைவிடக் கூடுதல். ஆனாலும் வறட்சி வந்தால் இங்கும் கடுமைதான். 2014 பிப்ரவரியில் மாநில அரசு தண்ணீர் நெருக்கடியை அறிவிக்க வேண்டிய அளவுக்கு நிலைமை போனது பலருக்கு நினைவிருக்கும்.

மார்ச், ஏப்ரலில் காற்று திசை மாறும். காலையில் வெயில், பிற்பகலில் இடியோடு மழை. இளந்தளிர் விரியும் நேரமும் இதுதான், பூஞ்சைகள் விழிக்கும் நேரமும் இதுதான். தளிர் முற்றிக் கெட்டிப்படும்வரை ஏறக்குறைய இரண்டு வாரம் அதற்குப் பாதுகாப்பே இல்லை. குளிர்ந்த, பனி மூட்டமான காலைகள் தொடர்ந்தால் ஒய்டியம் என்னும் பூஞ்சை தளிர்மேல் வெள்ளை மாவு தூவியதுபோல் படரும். மழை தொடர்ந்தால் கொலெட்டோட்ரிகம் என்னும் பூஞ்சை தளிரின் நுனியைக் கருக்கும். இரண்டுக்கும் முடிவு ஒன்றே. புதிதாய் விட்ட தளிர் மறுபடி உதிர்ந்துபோகும்.

மரம் ஏற்கெனவே தன் சேமிப்பிலிருந்து எடுத்துத்தான் அந்தத் தளிரை விட்டிருக்கிறது. அது உதிர்ந்தால் இரண்டாம் முறையும் கையிருப்பில் கை வைக்க வேண்டும். சேமிப்பு கரைந்த மரம் பால் எப்படித் தரும்? அதனால்தான் தளிர் விடும் வாரங்களில் வெட்டை நிறுத்தி மரத்துக்கு ஓய்வு கொடுப்பது நல்ல வழக்கமாக இருந்து வருகிறது. அன்றாடக் கூலியை நம்பியவர்களுக்கு அந்த ஓய்வு பசியாகவும் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பெரிய தோட்டங்களில் ஒய்டியத்துக்குக் கந்தகத் தூள் அடிப்பார்கள். இலையில் பனி ஈரம் இருக்க வேண்டும், காற்று அசையக் கூடாது என்பதால் விடிவதற்கு முன்பே அந்த வேலை தொடங்கும். 3 ஏக்கர்காரருக்கு அந்த இயந்திரம் கிடையாது. அவர் செய்யக்கூடியது, இலை உதிர்ந்து தளிர் விடத் தொடங்கும்போதே உரம் வைப்பது. சத்து கிடைத்தால் தளிர் சீக்கிரம் முற்றும், பூஞ்சைக்குக் கிடைக்கும் நாட்கள் குறையும்.

காலம் தவறிய உதிர்வு

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். தைப்பூசத்து உதிர்வு இயற்கை. தீபாவளிக்கு முன்பே, நல்ல மழைக்காலத்தில், இலை உதிர்ந்தால்?

2016-இல் இந்தோனேசியாவின் வட சுமத்திராவில் ரப்பர் மரங்கள் காலம் தவறி இலை கொட்டத் தொடங்கின. 2017-இல் அது மலேசியாவில் தெரிந்தது. 2019-இல் தாய்லாந்து, இலங்கை, கேரளம் எனப் பரவியது. பெஸ்டலோதியோப்சிஸ் என்னும் பூஞ்சை வகையின் பெயரால் இதை அழைக்கிறார்கள். இந்த நோயில் வேறு சில பூஞ்சைகளுக்கும் பங்கு உண்டு என்பது ஆய்வாளர்களின் கருத்து.

முன்பு சொன்ன இரு நோய்களும் தளிரைத் தாக்குபவை. இதுவோ முற்றிய பச்சை இலையைத் தாக்குகிறது. இலையில் வட்ட வட்டமாகப் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். புள்ளி பெரிதாகி நடுவில் காகிதம்போல் காயும். பிறகு இலை மஞ்சளாகி விழும். மழை நீண்டால் ஓராண்டில் இரண்டு மூன்று முறைகூட உதிரும். கடுமையாகப் பாதித்த இடங்களில் பால் கால் பங்குக்கும் மேல் குறைந்திருக்கிறது.

இரண்டையும் பிரித்தறிய விஞ்ஞானி வேண்டியதில்லை. மூன்று கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: எப்போது உதிர்ந்தது? வறட்சிக்குப் பின் என்றால் இயற்கை. தொடர் மழைக்குப் பின் என்றால் சந்தேகப்படலாம்.

இரண்டாவது: எப்படி உதிர்ந்தது? ஒரே வீச்சில் மொத்தமும் என்றால் இயற்கை. உச்சி வெளுத்து, விட்டுவிட்டுக் கொட்டினால் நோய்.

மூன்றாவது: விழுந்த இலையில் என்ன தெரிகிறது? புள்ளி இல்லாத மஞ்சள் இலை முதுமையால் விழுந்தது. வட்டப் புள்ளி இருந்தால் அது நோயால் விழுந்தது.

நோய்தான் என்று தெரிந்தால் மரம் செத்துவிட்டது என்று பொருளா? இல்லை. இந்த நோய் மரத்தைப் பட்டினி போடுகிறது. பெரும்பாலும் உடனே கொல்வதில்லை. மறுபடி இலை விட மரத்துக்குப் பலம் வேண்டும். வெட்டு நாட்களைக் குறைக்க வேண்டும். பால் கூடுதலாக வரவேண்டும் என்று பட்டையில் தடவும் ஊக்க மருந்தை உடனே நிறுத்த வேண்டும். உரத்தை நிறுத்தக் கூடாது. பால் குறைகிறதே என்று பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள். மருந்தைக் கூட்டித் தடவுகிறார்கள், உரத்தை விட்டுவிடுகிறார்கள். களைத்த மாட்டைச் சாட்டையால் அடித்து ஏரில் பூட்டுவதற்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது.

மேலே பார்த்தவர் கீழே பார்த்தாரா?

பால்மரத்தை உண்மையிலேயே கொல்லும் நோய் மண்ணுக்குள் இருக்கிறது. அதன் பெயர் வெள்ளை வேர் நோய். பழைய மரத்தை வெட்டிவிட்டு அடிக்கட்டையை மண்ணிலேயே விட்டுவிடுகிறோம். அழுகும் கட்டையில் ஒரு பூஞ்சை குடியேறி, வெள்ளை நூல்போல வேர் வழியே நகர்ந்து பக்கத்துக் கன்றைப் பிடிக்கிறது. மறுநடவு செய்த நிலங்களில் முதல் சில ஆண்டுகளில் கன்றுகள் கொத்துக் கொத்தாகச் சாவதற்கு இது முக்கியக் காரணம்.

இதன் கொடுமை என்னவென்றால், இலை மங்கி மஞ்சளாகும்போது வேர் ஏறக்குறைய முடிந்துபோயிருக்கும். ஆகவே இலையைப் பார்த்து வைத்தியம் செய்ய முடியாது. அதற்குப் பழைய ரப்பர்காரர்கள் கையாண்ட எளிய உத்தி ஒன்று உண்டு. கன்றின் அடியைச் சுற்றிப் புல்லையோ சருகையோ ஈரமாகப் போட்டு வையுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து விலக்கிப் பாருங்கள். நோய் இருந்தால் தண்டின் அடியில் வெள்ளை நூல் ஒட்டிக்கொண்டு ஏறியிருக்கும். அந்த நிலையில் கண்டுபிடித்தால் வேரடியில் பூஞ்சைக்கொல்லி ஊற்றிக் காப்பாற்றலாம். முற்றிய மரத்தை வேரோடு தோண்டி அகற்ற வேண்டும். பக்கத்து மரத்துக்குப் போகாதபடி நடுவில் பள்ளம் வெட்ட வேண்டும்.

நடும்போதே செய்யக்கூடியவை இன்னும் மலிவு. பழைய கட்டைகளை எடுத்துவிடுவது, குழியில் கந்தகம் கலப்பது, நிரைகளுக்கு இடையே கொடிப்பயறு வளர்ப்பது. கொடி மூடிய மண்ணில் கட்டை விரைவில் மக்கிவிடும். நோய்க்குப் புகலிடம் போய்விடும்.

ஒரு பூஞ்சை மாற்றிய வரலாறு

இலையில் விழும் ஒரு புள்ளிக்கு இத்தனை பேச்சா என்று கேட்கலாம். நாம் இந்த மண்ணுக்கு வந்த கதையிலேயே ஒரு பூஞ்சைக்குப் பங்கு இருக்கிறது.

இலங்கை ஒரு காலத்தில் காப்பி நாடு. தமிழகத்திலிருந்து போன தொழிலாளர்கள்தாம் அந்தக் காப்பிக் காடுகளை உருவாக்கினார்கள். 1869-இல் காப்பி இலையில் துருப்போல ஒரு நோய் தோன்றியது. இருபது ஆண்டுகளுக்குள் காப்பி வீழ்ந்து, அந்த இடத்தில் தேயிலை வந்தது. துரைமார்களில் சிலர் மலாயாவுக்கு வந்து இங்கே காப்பி போட்டார்கள். 1890-களில் காப்பி விலை சரிந்ததும் ரப்பருக்குத் திரும்பினார்கள். அந்த ரப்பரை வெட்டத்தான் நம் முன்னோர்கள் கப்பல் ஏறினார்கள்.

ரப்பர் பிறந்த பிரேசிலின் கதை இன்னும் பாடமானது. கார் தயாரித்த ஹென்றி ஃபோர்டு 1928-இல் அமேசான் காட்டில் ஃபோர்டுலாந்தியா என்ற பெயரில் பெரும் ரப்பர் தோட்டம் தொடங்கினார். காட்டில் தனித்தனியே நின்றபோது தப்பித்த மரங்கள், நிரை நிரையாக நெருக்கி நட்டதும் தென்னமெரிக்க இலைக் கருகல் நோய்க்கு இரையாயின. 1945-இல் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. அந்த நோய் இன்றுவரை ஆசியாவில் கால் வைக்கவில்லை. வெளிநாடு போய்வரும் நம்மவர்கள் ஆசையாக ஒரு செடியை, ஒரு பதியனைப் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவரக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

செம்பனை வைத்திருப்பவர்களுக்கு

இன்று நெகிரி செம்பிலானில் பால்மரம் நின்ற பல இடங்களில் செம்பனை நிற்கிறது. அதற்கும் நோய் உண்டு, பூச்சி உண்டு.

முதலில் கெனோடெர்மா. இது அடித்தண்டை அழுக வைக்கும் பூஞ்சை. குருத்துகள் விரியாமல் ஈட்டிபோல இரண்டு மூன்று நிற்கும். கீழ் மட்டைகள் ஒடிந்து பாவாடைபோலத் தண்டைச் சுற்றித் தொங்கும். அடியில் பலகைக் காளான் முளைக்கும். இந்த அடையாளங்கள் தெரியும்போது பெரும்பாலும் அடித்தண்டில் பாதி அழுகியிருக்கும். இதைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. அடியில் மண் அணைத்துக் கொடுத்தால் மரம் சில ஆண்டு கூடுதலாக நிற்கும், குலையும் தரும். விழுந்த மரத்தின் அடிக்கிழங்கைத் தோண்டி எடுத்துத் துண்டாக்க வேண்டும். அதைச் செய்யாமல் மறுநடவு செய்தால் புதுக் கன்றுக்கு நோயைச் சீதனமாகக் கொடுத்ததாக ஆகும்.

அடுத்து காண்டாமிருக வண்டு. விரிந்த மட்டையில் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல முக்கோண வெட்டு தெரிந்தால் அது இந்த வண்டின் கையெழுத்து. வண்டு பறந்து வந்து குருத்தைத் துளைக்கிறது. ஆனால் பிறப்பது அழுகும் பனந்தண்டில். முன்பு வெட்டிய மரத்தைக் கொளுத்திவிடுவார்கள். திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி தடை செய்யப்பட்ட பிறகு தண்டுகள் நிலத்திலேயே கிடக்கின்றன. புகை குறைந்தது நல்லதே. ஆனால் தண்டை மெல்லிய துண்டுகளாகச் சீவிப் பரப்பி, கொடிப்பயறால் மூடினால்தான் வண்டுக்குத் தொட்டில் கிடைக்காமல் போகும்.

இந்த வண்டைக் கொல்லும் கிருமி ஒன்று 1963-இல் நம் நாட்டில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு அதைப் பசிபிக் தீவான சமோவாவுக்குக் கொண்டுபோய் அங்கே தென்னைகளைக் காப்பாற்றினார்கள்.

மூன்றாவது, மலாய்க்காரர்கள் உலாட் புங்குஸ் என்று சொல்லும் பைப்புழு. இலைத் துணுக்குகளால் பை தைத்து அதற்குள்ளேயே இருந்துகொண்டு இலையைச் சுரண்டித் தின்னும். வறட்சி நீண்டால் பெருகும். பெண் பூச்சிக்குச் சிறகே இல்லை. பைக்குள்ளேயே நூற்றுக்கணக்கில் முட்டையிட்டு இறந்துவிடும். குஞ்சுப் புழுக்கள் பட்டு நூலில் தொங்கிக் காற்றோடு அடுத்த மரத்துக்குப் போகும்.

இதில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1950-களின் கடைசியிலும் 1960-களின் தொடக்கத்திலும் மலாயாச் செம்பனைத் தோட்டங்களில் கடும் பூச்சிமருந்துகளை அடித்துப் பார்த்தார்கள். பைப்புழு குறையவில்லை, கூடியது. புழு பைக்குள் பத்திரமாக இருந்தது. அதைத் தின்னும் குளவிகள்தாம் வெளியே பறந்து செத்தன. பிரையன் வூட் என்ற பூச்சியியலாளரின் ஆய்வுக்குப் பின் அந்தத் தெளிப்பை நிறுத்தியதும் குளவிகள் திரும்பின, புழு அடங்கியது. இன்று தோட்டச் சாலை ஓரங்களில் மஞ்சள் பூவும் கொடிரோஜாவும் வரிசையாக நட்டிருப்பதைப் பார்த்து, துரைக்கு அழகு பார்க்கத் தோன்றிவிட்டது போலும் என்று நானும் நினைத்ததுண்டு. அது குளவிகளுக்கு வைத்த தேன் பந்தி.

கண்டதற்கெல்லாம் மருந்தடிப்பதில் இன்னொரு நட்டமும் உண்டு. 1981-க்கு முன்பு செம்பனைப் பூவுக்கு மகரந்தத் தூளைக் கையால் தூவி வந்தார்கள். பல தோட்டங்களில் நம் பெண்கள் செய்த வேலை அது. அந்த ஆண்டில் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று நாட்டின் செம்பனைக் குலைகள் காய்ப்பது அந்த வண்டின் தயவால். வகை தெரியாமல் மருந்து அடித்தால் சம்பளம் வாங்காத அந்தத் தொழிலாளியும் செத்துப்போகும்.

எலிக்கு வருவோம். கூகையின் அலறல் கெட்ட சகுனம் என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. செம்பனைக்காரருக்கு அதைவிட நல்ல சகுனம் வேறில்லை. கம்பத்தில் மரப்பெட்டி கட்டி வைத்தால் கூகைச் சோடி வந்து குடியேறும். குஞ்சுகளோடு சேர்ந்து ஒரு சோடி ஆண்டுக்கு ஆயிரத்தைத் தொடும் அளவுக்கு எலி பிடிக்கும் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. கூகையை வரவழைத்துவிட்டுக் கடும் எலி விஷத்தையும் வைத்தால், விஷம் தின்ற எலியைத் தின்று கூகையும் இறந்துவிடும்.

இவை போக, வறட்சியின் கணக்கு ஒன்று உண்டு. செம்பனையில் பூ ஆணா பெண்ணா என்பது குலை அறுப்பதற்கு ஏறக்குறைய 2 ஆண்டு முன்பே முடிவாகிவிடுகிறது. இன்று வாடிய மரம் நாளை ஆண் பூவாகத் தள்ளும். இந்த மாதம் குலை குறைந்தால் இந்த மாதத்து உரக்காரரைத் திட்டாதீர்கள். போன ஆண்டையும் அதற்கு முந்திய ஆண்டையும் நினைத்துப் பாருங்கள்.

மருந்து அடித்த கைகள்

மருந்து என்ற சொல்லை நாம் மிகச் சாதாரணமாகச் சொல்கிறோம். தோட்டத்தில் களைக்கொல்லி அடித்தவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். முதுகில் தோம்பு, முகத்தில் ஒரு துண்டுத் துணி, வெறுங்கை. நகம் உதிர்ந்த விரல்களையும் மூக்கில் ரத்தம் வடிந்த கதைகளையும் நம் குடும்பங்கள் அறியும்.

அந்த மருந்துகளில் முக்கியமானது பாராகுவாட். ஒரு வாய் விழுங்கினாலே உயிர் போகும். முறிப்பு மருந்து கிடையாது. தெனாகானித்தா அமைப்பு 2002-இல் தோட்டப் பெண்களின் நிலையை அறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டில் அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக அறிவித்தது. 2006-இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை வந்தது.

பழைய போத்தல் கொட்டகையில் மிச்சம் இருந்தால், தீர்த்துவிடுவோம் என்று அடிக்காதீர்கள். காலிப் போத்தலைக் கழுவி எண்ணெய் ஊற்றி வைக்காதீர்கள். விவசாய இலாகாவைக் கேட்டு ஒப்படையுங்கள். சட்டம் அனுமதிக்கும் மருந்தாக இருந்தாலும் காற்றுக்கு எதிரே நின்று அடிக்காதீர்கள். கையுறையும் நீள உடையும் இல்லாமல் தொடாதீர்கள். அடித்த துணியைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். பூச்சியை எண்ணிப் பார்க்காமல் மருந்தை எடுப்பதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொண்டாலே பாதிச் செலவும் பாதி ஆபத்தும் குறைந்துவிடும்.

ஓர் ஆண்டின் வேலை

சொன்னதையெல்லாம் மாதக் கணக்கில் சுருக்கித் தருகிறேன். வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டி வைக்கலாம்.

ஜனவரி, பிப்ரவரி: பால்மரம் இலை உதிர்க்கும். உதிர்ந்த இலையைக் கொளுத்தக் கூடாது. சருகு மண்ணுக்கு உணவு. வறட்சியில் தீப்பிடித்தால் பட்டை வெந்துவிடும். செம்பனையில் பைப்புழு இருக்கிறதா என்று கீழ் மட்டைகளைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

மார்ச், ஏப்ரல்: தளிர் விடும் காலம். உரம் வைத்து, வெட்டைக் குறைத்து, வெள்ளை மாவு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். மழை நிலைத்த பிறகு கன்று நடலாம். ஒரு மழையைக் கண்டு அவசரப்பட்டால் கன்று காய்ந்துவிடும். கன்றைச் சுற்றி மூடாக்கு போடும்போது தண்டை ஒட்டாமல் ஒரு சாண் விலக்கிப் போட வேண்டும்.

மே முதல் செப்டம்பர் வரை: வேர்களைச் சோதிக்க நல்ல காலம். புல் போட்டு விலக்கிப் பாருங்கள். செம்பனையில் வண்டு வெட்டு, காளான் இரண்டையும் தேடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: பலத்த மழை. வெட்டுப் பட்டையில் பூஞ்சை பிடிக்கும். பட்டை ஈரமாக இருக்கும்போது வெட்டக் கூடாது. வட்டப் புள்ளி இலைகளைக் கவனிக்க வேண்டிய காலமும் இதுவே. வடிகால்களைச் சுத்தம் செய்து வையுங்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தை இந்த மாநிலமும் மறக்கவில்லை.

சந்தேகம் வந்தால், புள்ளி விழுந்த நான்கைந்து இலைகளைக் காகித உறையில் போட்டு எடுத்துக்கொண்டு ரிஸ்டா அலுவலகத்துக்கோ மலேசிய ரப்பர் வாரியத்துக்கோ போங்கள். செம்பனைக்கு மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் இருக்கிறது. மலாய் பேசத் தயங்குபவர்கள் பேரப்பிள்ளையைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். பிள்ளைக்கும் நிலத்தைப் பற்றி நாலு விஷயம் தெரியும்.

அந்த மூன்று ஏக்கர்

ஒளிப்பதிவு முடிந்த இரண்டு வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவோடும் அவர் மகனோடும் ரந்தாவ் பக்கத்து நிலத்துக்குப் போனேன். விவரம் தெரிந்த நண்பர் ஒருவரும் வந்தார். கீழே கிடந்த இலைகளை எடுத்துப் பார்த்தோம். வட்ட வட்டமாகப் பழுப்புப் புள்ளி. மகன் மரத்தின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மட்டும் குனிந்து, ஓடை ஓரத்து மரத்தடியில் மண்ணைக் கையால் விலக்கினார். அங்கே வெள்ளை நூல் ஏறியிருந்தது.

“இது போயிடுச்சு தம்பி. இது பக்கத்துல இருக்கறதும் போகும். மத்ததுக்கு ஒண்ணுமில்ல, பசிதான்” என்றார்.

அவருக்குப் பதில் சொல்ல வந்தவன் நான். பாதிப் பதிலை அவரே வைத்திருந்தார். நூலில் இருந்ததை நான் சொன்னேன். கையில் இருந்ததை அவர் சொன்னார். இரண்டும் சேர்ந்தபோதுதான் மகனுக்கு நம்பிக்கை வந்தது. ஓடை ஓரத்து மரங்களைத் தோண்டி எடுத்துப் பள்ளம் வெட்டினார்கள். மற்ற மரங்களில் ஊக்க மருந்தை நிறுத்தி, வெட்டு நாட்களைக் குறைத்தார்கள். அந்த மாதங்களில் வருமானம் குறைந்தது உண்மை. மரம் விற்க வந்த ஆளைத் திருப்பி அனுப்பியதில் மகனுக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம் இருப்பதும் உண்மை.

அடுத்த தைப்பூசத்துக்கு அந்த அம்மா தொலைபேசியில் அழைத்தார். இலை முன்பு போல அடர்த்தியாக இல்லையாம். ஆனால் உதிர வேண்டிய நாளில் உதிர்ந்ததாம்.

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்ட காலம் இது. மண்ணை விலக்கிப் பார்க்கத் தெரிந்த கைகள் இன்று ராசாவிலும் ரந்தாவிலும் மாடி வீடுகளில் சும்மா அமர்ந்திருக்கின்றன. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரம் அவரை நிலத்துக்கு அழைத்துப் போங்கள். நிலம் இல்லாவிட்டால் பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள்.

அடுத்த வாரம் வேறொரு தலைப்போடு சந்திப்போம்.